அண்ணன் வெட்டிய ஓடைக்கரை

என் உயிரான அண்ணாவுக்கு,

உயிரான என்று எழுதிவிட்டு, அடித்துவிடலாமா என்று யோசித்தேன். கை வரவில்லை. இருக்கட்டும்.

நீ கண்மூடிய பிறகு நாட்டுக்குச் சுதந்திரம், மெர்டேக்கா வந்தது. நம் ஊர் காஜா பேராங்கில் வீட்டுக்கு வீடு கொடி. என் மாட்டுக் கொட்டகையிலும் பிள்ளைகள் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே இப்போது ஒரே ஒரு மாடுதான் நிற்கிறது.

செவலையும் அதன் கன்றும் செத்த அன்று நீதான் குழி தோண்டினாய். பாம்பு தீண்டியிருக்கும் என்றாய். நீ சொன்னால் எனக்கு மறுபேச்சு ஏது?

அதற்கு முந்தின வாரத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. மேட்டுத் தோட்டத்தில் மருந்தடிக்கும் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் நீ. பெரிய துரை பார்வையிட வருகிறார், தோட்டம் துப்புரவாக இருக்கவேண்டும் என்று ஓடைக்கரைப் புதரையெல்லாம் வெட்டச் சொன்னார்களாம். எனக்கு அது தெரியாது. என் மாடுகள் தண்ணீரில் இறங்க நீ வழி செய்து கொடுத்ததாக நினைத்துப் பூரித்துப்போனேன். மோர் கரைத்து எடுத்துவந்து கொடுத்தேன். வாங்கிக் குடித்தாயே அண்ணா, ஒரு வார்த்தை சொன்னாயா?

லாலாங் என்ற களைப்புல்லைக் கொல்ல அடிக்கும் விஷ மருந்து ஒன்றும் புதிதல்ல, வருஷக்கணக்காக அடித்தீர்கள். மேட்டிலிருந்து மழைத்தண்ணீரோடு வழிந்ததைப் புதர்தான் தடுத்துப் பிடித்து வைத்திருந்தது. கரையை மொட்டையடித்ததும் முதல் மழைக்கே அத்தனையும் நேராக ஓடையில் இறங்கிவிட்டது. இரண்டு கரையிலும் காடு மண்டிய கிளை ஓடையில் இன்றைக்கும் மீன் துள்ளுகிறது. நம் பக்கம் தவளைகூடக் கத்துவதில்லை.

உனக்கு எல்லாம் அன்றே தெரியும் என்பது போன வாரம் அண்ணி வாயிலிருந்து வந்தது. எனக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் அவர் பேசினார்.

"பொதர வெட்டுன அன்னிக்கே ஒங்கண்ணன் எங்கள ஓடைப் பக்கம் போவ வேணாம்னுட்டாரு. ஒன்கிட்ட சொன்னா ஊரு பூரா தெரிஞ்சிரும், வேல போயிரும்னாரு."

வேலை போயிருந்தால் என் வீட்டில் உனக்குச் சோறு இருந்திருக்காதா? என் பிள்ளைகளும் அந்த ஓடையில்தானே குளித்தார்கள்? உன் வீட்டைக் காப்பாற்றியபோது நான் யாரோ ஆகிவிட்டேனா?

உனக்குத் திதி தவறாது, படையலும் குறையாது. ஆனால் இனி யாராவது அந்தக் கரைக்கு மாட்டை ஓட்டினால் ஓடிப்போய் மறிப்பேன். எப்படித் தெரியும் என்று கேட்டால் உன் பெயரைச் சொல்வேன். என் அண்ணன் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

ஆறாத மனதோடு,
உன் கூடப்பிறந்தவள்,
பாக்கியம்