பின் இருக்கையின் இரண்டு கொக்கிகள்

பண்டமாரான்,
ஞாயிறு காலை.

அன்புள்ள முகுந்தன்,

நீங்களும் உங்கள் கப்பலும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்பித் தொடங்குகிறேன். இங்கே நானும் அத்தையும் நலம். தம்புசாமி அண்ணன் வியாழக்கிழமை சிங்கப்பூரில் உங்கள் கப்பலில் ஏறுகிறாராம். நேற்று வீட்டுக்கு வந்து, "ஏதாச்சும் குடுத்து விடணும்னா குடும்மா தாமரை, ஆனா ஊறுகாய் மட்டும் வேணாம், போன தடவை என் சட்டையெல்லாம் வாசம்" என்றார். அத்தை அது காதில் விழாததுபோல உள்ளே போய் நான்கு பாட்டில்களைக் கட்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

ஊறுகாயோடு இந்தக் கடிதமும் வரும். வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போன வருடம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது பாதியில் அறுந்துபோன அந்த ஒரு வாக்கியம் இன்னும் என் தொண்டையில் இருக்கிறது. அதனால் இந்த முறை காகிதம்.

முதலில் கார் விஷயம். பொங்கல் அன்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "உங்கப்பா காரு போதும் தாமரை. அது வழியில நின்னா நான் இங்கேர்ந்து தள்ள முடியாது. ஜீவன்கிட்ட போ, நம்ம பையன்." போனேன். கேரி தீவுத் தோட்டத்தில் உங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்த சின்னையா தாத்தாவின் பேரன் ஜீவன், இப்போது கிள்ளானில் பழைய கார் விற்கும் இடத்தில் சேல்ஸ்மேன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் இரண்டு போன், முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. அத்தையைப் பார்த்ததும் "பெரியம்மா!" என்று காலைத் தொட்டான். அத்தை அங்கேயே பாதிக் காரை வாங்கிவிட்டார்.

அவனிடம் நான் கேட்டது இரண்டே இரண்டு. ஒன்று, பக்கவாட்டிலும் ஏர்பேக் இருக்க வேண்டும். இரண்டாவது, பின் இருக்கையில் குழந்தை இருக்கையை மாட்டும் இரும்புக் கொக்கிகள் இரண்டும் இருக்க வேண்டும்.

ஏன் என்று உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். விளங்கினால் எழுந்து ஓடிப்போய் யாரிடமும் சொல்லாதீர்கள். உட்கார்ந்து முழுவதும் படியுங்கள். ஜீவனிடம், "எங்க அக்கா பிள்ளைக்கு" என்று சொன்னேன். எனக்கு அக்கா இல்லை என்பது அவனுக்குத் தெரியாது. அந்த வியாபாரத்தில் முதல் பொய் என்னுடையதுதான்.

"எல்லாம் இருக்கு லா, அக்கா. டாப் ஸ்பெக். ஏர்பேக் ஆறு. கொக்கி எல்லாம் ரெடி" என்று ஒரு வெள்ளிநிறக் காரைக் காட்டினான். மழை வந்துகொண்டிருந்தது. நானும் பின் கதவைத் திறந்து பார்க்காமல், முன்பணம் கட்டிவிட்டு வந்துவிட்டேன். கண்டெய்னர்ப் பட்டியல் சரிபார்த்துப் பிழைக்கிறவள் செய்யக்கூடிய காரியமா? ஊர்க்காரர், உறவுபோலப் பழகியவர் என்றால் நமக்கெல்லாம் கை கட்டிப்போட்டதுபோல் ஆகிவிடுகிறது. கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று தோன்றிவிடுகிறது.

அடுத்த சனிக்கிழமை கார் எடுப்பதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய நாள் அப்பாவின் நீலக் காரைச் சுத்தம் செய்தேன். புதியதை எடுக்கும்போது இதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். கொக்கி எங்கே இருக்கும் என்று தெரிந்துகொள்ள, அந்தக் காரின் பின் இருக்கையின் இடுக்கில் கையை விட்டுப் பார்த்தேன். கொக்கி ஏது? விரல்களோடு வந்தது குவாச்சி தோல், அப்பா கொறித்துத் துப்பிய உப்பு விதைத் தோல்.

இருபது வருடத்துக் குவாச்சி தோல், முகுந்தன். சனிக்கிழமைதோறும் சாலாக் செலாத்தானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு அப்பா என்னை அந்தக் காரில் கூட்டிப்போவார். நான் புத்தகக் கடையில் நின்றபடியே பாதிப் புத்தகத்தைப் படித்து முடிப்பேன். மீதியைத்தான் அப்பா வாங்கித் தருவார் என்று கடைக்காரர் கேலி செய்வார். அப்பா ரயில்வே வீடுகளின் பக்கம் மரநிழலில் காரை நிறுத்திவிட்டு, குவாச்சி கொறித்துக்கொண்டு காத்திருப்பார். திரும்பி வரும்போது நான் பின்னால் படுத்துக்கொண்டு படிப்பேன். பெல்ட் இல்லை. ஏர்பேக் என்ற சொல்லே எங்களுக்குத் தெரியாது. திடீரென்று பிரேக் போட வேண்டி வந்தால், முன்னால் இருந்தபடியே அப்பாவின் இடது கை பின்பக்கம் நீண்டு என் முழங்காலைப் பிடித்துக்கொள்ளும். கண் சாலையிலேயே இருக்கும். அந்தக் காரில் இருந்த ஒரே பாதுகாப்பு அதுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பெண் பார்க்க நீங்கள் வராமல், நான் மாப்பிள்ளை பார்க்கக் கேரி தீவுக்கு வந்ததும் அதே காரில்தான். செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே அது நின்றுபோக, போன் செய்ததும் வெள்ளைச் சட்டையோடு ஓடிவந்து தள்ளினீர்கள். "இந்தக் காரத் தள்ளுனவன்தான் மாப்பிள்ளையா?" என்று அப்பா கேட்டார். "தள்ளி ஸ்டார்ட் ஆனாத்தான் மாமா" என்றீர்கள். ஸ்டார்ட் ஆனது. அப்பா அடுத்த வருடமே போய்விட்டார். அந்தக் கார் இருக்கும்வரை அவர் எங்கோ மரநிழலில் காத்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன். அதனால்தான் இத்தனை நாள் விற்க மனம் வரவில்லை. ஆனால் அப்பாவின் கை இப்போது இல்லை. அந்த இடத்தில் வேறு ஏதாவது இருந்தே ஆக வேண்டும்.

சனிக்கிழமை அத்தை நான்கு எலுமிச்சம்பழமும் சூடமும் குங்குமமும் எடுத்துவந்தார். கோயிலுக்குப் போகும்வரை பொறுக்கவில்லை. கடை வாசலிலேயே வெள்ளிக் காரின் நான்கு சக்கரத்தின் அடியிலும் பழத்தை வைத்துவிட்டார். ஜீவன் நீலக் காரின் சாவியை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டான். "சைன் பண்ணிட்டு ஏறி உருட்டுங்கக்கா, நல்ல நேரம் போயிடும்" என்றான்.

நான் பின் கதவைத் திறந்து இடுக்கில் கைவிட்டேன். வலப்பக்கம் இல்லை. இடப்பக்கம் இல்லை. முன் இருக்கைகளின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று தைத்த சிறிய துணித்துண்டு இருக்கும் என்று படித்திருந்தேன். அதுவும் இல்லை.

"ஜீவன், ஏர்பேக் ஆறுன்னீங்க. ரெண்டுதானே தெரியுது?"

"அக்கா, ஏர்பேக் வெளிய தெரிஞ்சா அது ஏர்பேக்கா? உள்ள இருக்கும். ஆக்சிடென்ட் ஆனாத்தான் வரும்."

"கொக்கி?"

"அதுவும் உள்ளதான். சீட்டத் துணி மூடியிருக்கு. ஒர்க்‌ஷாப்ல சொன்னா அஞ்சு நிமிஷத்துல எடுத்து விட்டுருவாங்க."

எனக்குச் சண்டை போட வராது, தெரியும்தானே. குரல் நடுங்கிவிடும். அதனால் ஆபீஸில் செய்வதைச் செய்தேன். எங்கள் இடத்தில், பட்டியலில் எழுதாத பொருள் பெட்டியில் இல்லை. யார் எத்தனை சத்தியம் செய்தாலும் இல்லைதான். பையிலிருந்து பேனாவை எடுத்து, நான் கையெழுத்துப் போட வேண்டிய தாளின் ஓரத்தைக் காட்டி, "இங்க எழுதுங்க. ஏர்பேக் ஆறு, கொக்கி ரெண்டு. கீழ சைன் போடுங்க. நானும் போடுறேன்" என்றேன்.

அவன் பேனாவை வாங்கினான். "கார் நல்ல கண்டிஷன்" என்று எழுதினான். நிறுத்தினான். சிரிப்பு மட்டும் இன்னும் போகவில்லை. "நமக்குள்ள என்னக்கா எழுத்து? எங்க தாத்தா காலத்துலேர்ந்து ஒரே தோட்டம். பெரியம்மா, நீங்க சொல்லுங்க."

அத்தையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பூஜை வைத்த வண்டியை வேண்டாம் என்பது அவருக்கு எப்படி இருக்கும்! கடையில் இருந்த மற்றவர்களும் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பிறகு அத்தை கேட்டார்: "ஏன்டா ஜீவா, இருக்குன்னா எழுதுறதுக்கு என்ன நோவு?"

அவன் எழுதவில்லை.

அத்தை குனிந்தார். அந்த முழங்கால் வலியோடு ஒவ்வொரு சக்கரமாகப் போய், நான்கு எலுமிச்சம்பழத்தையும் பொறுக்கி, முந்தானையில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். "சாவியக் குடு" என்றார். அவ்வளவுதான்.

நீலக் கார் அன்று பார்த்து முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது. அத்தை எலுமிச்சம்பழப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சிக்னலில் நின்றபோது, முன்னால் இருந்த லோரியைப் பார்த்தபடியே கேட்டார்: "எத்தன மாசம்?"

நான் பதில் சொல்வதற்குள் விளக்குப் பச்சையாகிவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். "அடிக்கட்டும், நீ மெதுவா போ" என்றார். என் முழங்காலின் மேல் கை வைத்தார். வீடு வரும்வரை எடுக்கவில்லை.

பதினோரு வாரம், முகுந்தன். கிளினிக்கில் இதயத்துடிப்பைக் கேட்டுவிட்டேன். குதிரை ஓடுவதுபோல இருந்தது. போன வருடம் ஆறாவது வாரமே உங்களிடம் சொல்லி, நீங்கள் கப்பல் முழுக்கச் சொல்லி, சமையல்காரர் கேசரி கிண்டிக் கொடுத்தார். ஒன்பதாவது வாரம் நான் போன் செய்து, "முகுந்தன், அது" என்பதற்குள் அறுந்துவிட்டது. நான்கு நாள் லைன் இல்லை. நீங்கள் அங்கே யாரோடு உட்கார்ந்து அழுதீர்கள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. நான் யாரோடு என்று நீங்களும் கேட்கவில்லை.

ஜீவன்மேல் கோபம் வேண்டாம். முன்பணத்தைத் திருப்பித் தந்துவிட்டான். புதன்கிழமை அவனே போன் செய்தான். "அக்கா, உண்மையச் சொல்லிடுறேன். கொக்கின்னா என்னன்னே எனக்குத் தெரியாது. யாரு எது கேட்டாலும் இருக்குன்னுதான் சொல்வேன். கேக்குறவங்க மொகம் மலர்ந்துடும் இல்ல?" என்றான். பிறகு ஒரு படம் அனுப்பினான். வேறொரு கார், சாம்பல் நிறம், பின் இருக்கை இடுக்கில் அவனுடைய ஆள்காட்டி விரல் ஒரு இரும்புக் கொக்கியைப் பிடித்துக்கொண்டிருந்தது. நேற்று முன்தினம் போய் நானும் விரல்விட்டுப் பார்த்தேன். பிறகு தாளைக் கொடுத்தேன். எழுதினான்: கொக்கி இரண்டு உண்டு. ஏர்பேக் முன்னால் இரண்டு, பக்கத்தில் இரண்டு, மொத்தம் நான்கு. ஆறு இல்லை. இந்த "இல்லை" என்ற சொல்லை எழுத அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. அதைப் படித்த பிறகுதான் மற்ற வரிகளையும் நம்பினேன்.

வரும் சனிக்கிழமை அதை எடுக்கிறோம். அதற்கு முன்னால் நீலக் காரில் ஒருமுறை பிரிக்பீல்ட்ஸ் போய்வரப் போகிறேன். அந்த மரம் இன்னும் இருக்கிறது. குவாச்சி ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஜீவனிடம் எழுதி வாங்கியாயிற்று. இனி உங்களிடம்தான் கேட்க வேண்டும். போன வருடம், "அடுத்த மாசம் வந்துடுவேன்" என்று மூன்று மாதம் சொன்னீர்கள். நீங்கள் பொய் சொல்கிறவர் இல்லை. என் குரல் மலரட்டும் என்று சொன்னீர்கள். மலர்ந்ததும் உண்மைதான். ஆனால் நான் இப்போது பெட்டியில் இருப்பதை மட்டும் கேட்கிறேன். தம்புசாமி அண்ணன் ஏறும்போது சிங்கப்பூரில் யாராவது இறங்குவார்கள் அல்லவா? அவர் கையில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். டாக்டர் நாள் குறித்திருக்கும் ஆகஸ்ட் கடைசியில் இங்கே இருப்பீர்கள் என்றால் அதை எழுதுங்கள். முடியாது என்றால் அதையும் எழுதுங்கள். "இல்லை" என்று நீங்கள் எழுதினாலும் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்வேன்.

சிறிய மூடி போட்ட பாட்டில், அன்றைய நான்கு எலுமிச்சம்பழம். இன்னும் ஊறவில்லை, இரண்டு வாரம் கழித்துத் திறங்கள். புது வண்டிக்கு வேறு பழம் வாங்க வேண்டும் என்கிறார் அத்தை. குழந்தை இருக்கையை மட்டும் நான் இன்னும் வாங்கவில்லை. கொக்கியில் மாட்டுகிறவர் வந்து வாங்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

கடல் உங்களைப் பத்திரமாகக் கரைசேர்க்கட்டும்.

உங்கள்
தாமரை