கேபிள் அறுந்த மத்தியானம்

ஜூன் 3

பாப்பாவின் அம்மாவுக்கு,

வக்கீல் வழியாக இல்லாமல் நானே எழுதுவதைப் பார்த்துத் திகைக்காதே. வேலை விஷயம்தான். இரத்த வங்கிக்கு நீ எழுதிய சாஃப்ட்வேரை இணையத்துக்கு மாற்றும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்து, என் தலையில் விழுந்திருக்கிறது.

உன் நிரலைத் திறந்து பார்த்தேன். உன் சமையலறை மாதிரியே அத்தனை சுத்தம். ஒன்றுதான் புரியவில்லை. தட்டத் தட்ட அந்தக் கணினியிலேயே சேமிக்கிறாய், பிறகு சர்வருக்கும் அனுப்புகிறாய். இரட்டை வேலை எதற்கு? தூக்கிவிடட்டுமா?

பாப்பாவுக்கு இருமல் நின்றதா?

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா

ஜூன் 6

பாப்பாவின் அப்பாவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. பள்ளிக்கூடம் போகிறாள், சண்டையும் போடுகிறாள்.

அதைத் தூக்காதே. முதலில் அங்கே போய் உட்கார்ந்து பார். கவுண்டரில் இருக்கும் டெக்னீஷியன் தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, கையுறையோடு தட்டுவாள். ஒரு பதிவை முடிப்பதற்குள் பல தரம் எழுந்து போவாள். திரும்பி வந்தால் தட்டியது அப்படியே இருக்க வேண்டும். அந்தக் கட்டிடத்தில் நெட் தனக்குத் தோன்றினால்தான் வரும்.

இரத்த வகையை நிறத்தை மட்டும் வைத்துக் காட்டாதே. அந்தப் பழைய திரையில் சிவப்பும் பழுப்பும் ஒன்றுதான். எழுத்தில் பெரிதாகப் போடு. அவசரத்தில் பட்டனை இரண்டு தரம் அமுக்கினாலும் ஒரே பதிவுதான் விழ வேண்டும். பிழை வந்தால் நம்பரைக் காட்டிப் பயமுறுத்தாதே. அடுத்து என்ன செய்வது என்று சொல்.

நீ "சரி சரி" என்பாய். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

பாப்பாவின் அம்மா

ஆகஸ்ட் 19

அன்புள்ள உனக்கு,

போய் உட்கார்ந்தேன். நீ சொன்னது அத்தனையும் கண்ணெதிரே நடந்தது. மேனேஜரிடம் இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டேன். "இந்தக் காலத்துல நெட் எங்க சார் போகுது? சொன்ன தேதிக்கு முடிங்க" என்றார். முடியாது என்றேன். எனக்கு வரவேண்டிய பதவி அடுத்த மேஜைக்காரருக்குப் போனது. போகட்டும்.

நேற்று மத்தியானம் அந்த டெக்னீஷியனுக்குப் புதிய சாஃப்ட்வேரைப் பழக்கிக்கொண்டிருந்தேன். வெளியே சாலையைத் தோண்டியவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்கள். சற்று நேரத்தில் ஒரு பஸ் கவிழ்ந்து, அடிபட்டவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரத் தொடங்கினார்கள். திரையில், "இணையம் இல்லை. தொடர்ந்து பதியுங்கள், எதுவும் அழியாது" என்று வந்தது. டெக்னீஷியன் அதைப் படித்துவிட்டு, இரத்தப் பைகளைப் பதிந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். "பயமா இல்லையாம்மா?" என்று கேட்டேன். "எதுக்கு சார்? பழசும் இப்படித்தானே இருந்துச்சு" என்றாள்.

சாயங்காலம் இணைப்பு வந்ததும் எல்லாப் பதிவும் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது. ஒன்றும் விட்டுப்போகவில்லை, ஒன்றும் இரட்டிக்கவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது உன்னிடம்தான் முதலில் சொல்லத் தோன்றியது. வக்கீலைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லட்டுமா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
நான்

ஆகஸ்ட் 23

அன்புள்ள உனக்கு,

ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். அழுதேன். மேலே வந்த தோழி பயந்துபோய், "என்னடி ஆச்சு?" என்றாள். "நல்ல சேதிதான்" என்றேன்.

சொன்னதைக் கேட்டாய், போய்ப் பார்த்தாய், அதற்காக நஷ்டமும் பட்டாய். அந்த மனிதரோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்ய எனக்கு ரொம்ப இஷ்டம். ஒரே வீட்டில் இருப்பது வேறு. அங்கே நான் வாயைத் திறக்காமலே இருக்கப் பழகிப் போயிருந்தேன். இப்போதுதான் எனக்கு மறுபடி பேச்சு வந்திருக்கிறது. அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

நேற்று விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கோபம் துளியும் இல்லை. உன் கடிதம் வந்த பிறகுதான் கோபமில்லாமல் போட முடிந்தது.

பஸ் கவிழ்ந்த கதையைப் பாப்பாவிடம் சொன்னேன். "அப்பாவா செஞ்சாரு?" என்றாள். அந்தக் கவுண்டரை நேரில் பார்க்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போ. வாசலிலேயே நின்று ஹாரன் அடிக்காதே. உள்ளே வந்து ஒரு காபி குடித்துவிட்டுப் போ.

அன்புடன்,
பாப்பாவின் அம்மா