மெல்ல வந்த கெட்டிமேளம்

24-8-1958, ஞாயிறு

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இன்றைய கல்யாணத்தில் பெண்ணின் தாய்மாமன் சபை நடுவில் என்னை ஏசினார். அவருக்கு ரெக்கார்டு போடுவதைப் பற்றி என்ன தெரியும்? மற்றவர்கள் ஒரு பாட்டு முடிந்ததும் கூட்டத்தைச் சும்மா உட்கார வைப்பார்கள். நான் இரண்டு மெஷின் வைத்து, ஒன்றின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே இன்னொன்றை ஏற்றுவேன். இந்தக் காஜா பேராங் வட்டாரத்தில் வேறு எவன் அப்படிச் செய்கிறான்?

இன்று மேளக்காரர்கள் இல்லை. கெட்டிமேளமும் ரெக்கார்டுதான். ஐயர் கை காட்டியதும் என் வழக்கப்படி மெல்ல மெல்ல ஏற்றினேன். சத்தம் எழுவதற்குள் மாப்பிள்ளை மூன்று முடிச்சும் போட்டுவிட்டார். ஒருவரும் அட்சதை போடவில்லை.

"ஏன் தம்பி, மேளம் புக்கிட் ரம்பாயிலேருந்து நடந்தா வருது?" என்றார் மாமன். பந்தலே சிரித்தது. "ஒன்ன மாதிரி ஆளே இல்லடா" என்று தினமும் புகழும் என் கூட்டாளி சின்னையாவும் சேர்ந்து சிரித்தான்.

அடுத்த ஞாயிறு, மெர்டேக்கா சுதந்திர தினத்தன்று, தெங்கேராவில் ஒரு கல்யாணம். பாட்டுகளை என் இஷ்டப்படிதான் போடுவேன். கெட்டிமேளத்தை மட்டும் எடுத்த எடுப்பிலேயே முழுச் சத்தத்தில் வைப்பேன். அந்த மாமனுக்காக அல்ல. பெண்ணைப் பெற்றவள் அட்சதையை மூடிய கையோடு கடைசிவரை நின்றாள். சிரித்தவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.