படுதா இறக்கிய ஜீப்

ஜூலை 16, செவ்வாய். மழை.

தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் என்று எங்கள் ஃபேக்டரிக்குள் பூ, பவுடர், சென்ட் எதையும் விடமாட்டார்கள். அதனாலேயே வேலை முடிந்து ஜீப்பில் ஏறியதும் சென்ட் அடித்துக்கொள்வேன். மற்ற நாளில் காற்று கொண்டுபோய்விடும். இன்று மழைக்குப் படுதாவை இறக்கிக் கட்டியிருந்தார்கள். அது தெரிந்தும் அடித்தேன்.

எதிரே பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா இருந்தாள். கொஞ்ச தூரத்திலேயே அவளுக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு டிரைவரிடம், “தம்பி, நிப்பாட்டுப்பா. நான் நடந்து வாரேன்” என்றாள்.

“நான் எறங்குறேங்க்கா. நீங்க இருங்க.”

“நீ எறங்குனா வாசமும் எறங்கிருமா? இரு தாயி.”

மழையில் இறங்கிவிட்டாள். ஜீப் கிளம்பியது. நான் உட்கார்ந்தே வந்தேன்.

லயத்து வரிசை வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். சுடிதாரைத் துவைத்துப் போட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா இன்னும் இருமிக்கொண்டிருக்கிறாள். சுக்குத்தண்ணி வைத்து எடுத்துக்கொண்டு அவள் கதவு வரை போனேன். முடியில் வாசம் போகவே இல்லை. தட்டாமல் திரும்பிவிட்டேன்.