யார் ஊற்றிய தண்ணீர்

பெப்ரவரி 5, வியாழன்

மழை விட்டது. ஒரு கிழமைக்குப் பிறகு வெயில். துணி எல்லாம் கொடியில். மதிலடிக்கு வந்த மான் ஒன்று பிள்ளையின் துணியை இழுத்துச் சப்பிவிட்டது. துரத்தினாலும் போகவில்லை. இந்த ஊர் மான்களுக்கு மனிதரைப் பயமில்லை.

அமலி நன்றாகப் பால் குடிக்கிறாள். காய்ச்சல் இல்லை. கன்னம் கொஞ்சம் சதை வைத்திருக்கிறது.

15ஆம் திகதி ஞாயிறு திருமுழுக்கு. வெள்ளைச் சட்டை றீற்றா அக்கா தைக்கிறா. ஞானத்தாயும் அவதான். மெழுகுதிரி வாங்க வேண்டும். கேக்குக்குச் சொல்ல வேண்டும். சல்லிக் கிராமத்திலிருந்து இவருடைய ஆட்கள் வருவார்களா, கேட்க வேண்டும். அவர்கள் சைவம், இவரும் சைவம். கோயிலுக்குள் வருவார்களோ, வாசலில் நிற்பார்களோ.

ஏழு வருடம் காத்திருந்து கிடைத்த பிள்ளை. பிறந்ததை நான் பார்க்கவில்லை. வலிப்பு வந்து, நினைவில்லாமல் கிடந்தபோது வயிற்றை வெட்டி எடுத்தார்கள். கண் திறந்தபோது அவள் வேறு கட்டிடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள். என்னைத் தவிர எல்லாரும் பார்த்து முடிந்திருந்தது.

அதனால் இந்த ஒன்றைப் பார்க்க வேண்டும். என் கையில் அவள், தலையில் தண்ணீர் ஓடுகிறது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பெப்ரவரி 7, சனி

காலை வகுப்பு, கோயில் மண்டபத்தில். பெற்றோரும் ஞானப் பெற்றோரும் கட்டாயம். இவரும் வந்தார், ஷேர்ட் அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு. மின்விசிறி வேலை செய்யவில்லை.

பாதர் தண்ணீரைப் பற்றிக் கதைத்தார். "கழுவுறதுக்கு மட்டும் எண்டு நினைக்காதேங்கோ. தண்ணிக்குள்ள தாழுறது சாவு. எழும்புறது புது உயிர். ரெண்டும் அந்தக் கொஞ்சத் தண்ணிக்குள்ள இருக்கு." இவர் தலை குனிந்தபடி இருந்தார். இவருடைய அம்மாவைக் கடல் கொண்டுபோனது. சுனாமிக்குப் பிறகு இவர் கடலில் கால் வைப்பதில்லை. படகு எஞ்சின் திருத்துவதுதான் தொழில், ஆனால் படகில் ஏற மாட்டார்.

பிறகு பாதர் சொன்னார், உயிர் போகிற நேரம் என்றால் யாரும் கொடுக்கலாமாம். கிறிஸ்தவராக இருக்க வேண்டுமென்றும் இல்லையாம். தண்ணீர், வார்த்தை, திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற மனம், இவ்வளவும் இருந்தால் செல்லும். ஒரு தரம்தான். இரண்டாம் தரம் கிடையாது.

உடனே என்னைப் பார்த்தார். "உங்கட பிள்ளை கடுமையா வருத்தமா இருந்தவ எல்லோ? ஆஸ்பத்திரியில ஆரும் தண்ணி ஊத்தினவையோ?"

நான் வாய் திறக்க முன் அக்கா, "இல்லை பாதர்."

அவ்வளவு கெதியாக ஏன்?

இவர் எழும்பி வெளியே போனார். போன் வந்ததாம். மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை.

பெப்ரவரி 8, ஞாயிறு

பூசைக்குப் பிறகு அக்காவை மாதா சொரூபம் இருக்கிற கெபியடியில் பிடித்தேன். அவவின் கைப்பையில் எப்போதும் ஒரு சின்னப் போத்தல் தீர்த்தம் இருக்கும். பஸ்ஸில் ஏறினாலும் தெளிப்பா. புதுக் குளிர்சாதனப் பெட்டிக்கும் தெளித்தவ.

"அக்கா, நீங்கள் பிள்ளைக்குத் தண்ணி ஊத்தினனீங்களோ?"

"என்ன கதை கதைக்கிறாய், ஜெனி? நான் உன்ர கட்டிலை விட்டு அசையவே இல்லை."

"மாதாவுக்கு முன்னால சொல்லுங்கோ."

"நான் ஊத்தேல்லை."

சொன்னா. ஆனால் 'நான்' என்ற இடத்தில் ஓர் அழுத்தம். வீடு வரும்வரை அந்த 'நான்' தான் காதில். பின்னே யார்?

மத்தியானம் கணவாய்க் கறி. உப்புக் கூடிவிட்டது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் சந்தேகமாக இருந்தது.

பெப்ரவரி 9, திங்கள்

துறைமுகத்தில் பெரிய கப்பல் ஒன்று, விடியத் தொடங்கி ஊதல். பிள்ளை திடுக்கிட்டு எழும்பி அழுகை.

எஞ்சின் திருத்துகிற கொட்டிலுக்குத் தேத்தண்ணி கொண்டு போனேன். இவர் எஞ்சினுக்குப் பின்னால் குந்தியிருந்து போனில். "அவவுக்கு இப்ப தெரிய வேண்டாம் மிஸ். நான் பாத்துச் சொல்லுறன்." என்னைக் கண்டதும் வைத்துவிட்டார்.

"ஆர்?"

"வள்ளக்காரர்."

வள்ளக்காரரை மிஸ் என்றா கூப்பிடுவது?

இவர் குளிக்கப் போன நேரம் போனை எடுத்துப் பார்த்தேன். இப்படி ஒருநாளும் செய்ததில்லை. 'நஸ்ரின் மிஸ்.' பிள்ளை இருந்த வார்டில் நேர்ஸ், கிண்ணியாப் பெண். சனிக்கிழமையும் கதைத்திருக்கிறார், ஞாயிறும். சனி என்றால் வகுப்பு முடிந்த பிறகு.

என்னென்னவோ நினைத்தேன். பிள்ளைக்குப் பெரிய வருத்தம் ஒன்று, எனக்கு மறைக்கிறார்கள். இல்லை, அம்மனுக்கு நேர்த்தி வைத்து மொட்டை போடப் போகிறார்கள். இல்லை, அந்தப் பெண்ணோடு. சீ. எழுதவே கூடாது. எழுதிவிட்டேன்.

பெப்ரவரி 10, செவ்வாய்

கிளினிக். நிறை கூடியிருக்கிறாள். டாக்டர் சிரித்தார். அப்படியென்றால் வருத்தம் இல்லை. மிச்சம் இரண்டு சந்தேகம்.

பிள்ளையோடு மேல்மாடிக்குப் போனேன். நஸ்ரின் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து பிள்ளையின் காலைப் பிடித்தா. "மாஷா அல்லாஹ், என்ன வளர்த்தி."

நேரே கேட்டேன். "என்ர மனுசன் உங்களோட என்ன கதைக்கிறவர்?"

முகம் மாறியது. "அத நீங்க அவருக்கிட்டக் கேக்கணும். நான் சொன்னாச் சரி வராது."

"பிள்ளைக்கு ஏதும் செய்தனீங்களோ?"

"கெட்டது ஒண்டும் இல்ல. அல்லா மேல ஆண. அண்டைக்கு அந்த மனுசன் அழுத மாதிரி எந்த வாப்பாவும் அழுது நான் காணல்ல."

அண்டைக்கு என்றால் என்றைக்கு? கேட்க முன் உள்ளே கூப்பிட்டார்கள், போய்விட்டா.

பஸ்ஸில் பக்கத்து மனிசி: "பிள்ளை ஆரைப் போல? தகப்பனோ?" பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினேன்.

பெப்ரவரி 11, புதன்

கேட்டுவிட்டேன். கொட்டிலில், கதவைச் சாத்திவிட்டு.

"இஞ்சாருங்கோ. நஸ்ரின் மிஸ்ஸிட்டப் போனனான்."

கையில் இருந்த நட்டுச் சாவியை வைத்தார்.  பிறகு சொன்னார். ஞாபகம் இருக்கிறபடி எழுதுகிறேன்.

பிறந்த மறுநாள். பிள்ளை மூச்சு எடுக்கவில்லை. பார்க்கிற ஆட்கள் இருந்தால் கூப்பிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் மற்றக் கட்டிடத்தில் நினைவில்லாமல். பாதர் மூதூருக்குப் போய்விட்டார். இவர் அக்காவுக்குப் போன் எடுத்தார். என்னை விட்டு வர அக்காவுக்கு ஏலாது. போனிலேயே வார்த்தையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறா. நஸ்ரின் சின்னக் கிண்ணத்தில் கொதித்தாறின தண்ணீர் கொண்டுவந்து, பெட்டியின் சின்னக் கதவைத் திறந்துவிட்டாவாம்.

"நான்தான் ஊத்தினனான்" என்றார். "அமலி எண்டு பேரும் நான்தான் சொன்னனான். நீர் அந்தப் பேரைத்தானே வயித்தைத் தடவித் தடவிச் சொன்னனீர்."

என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். ஒரே மூச்சில் சொன்னார். "அமலி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." ஒரு எழுத்துப் பிசகில்லை.

"ஏன் மறைச்சனீங்கள்?"

"நான் சைவம். நான் ஊத்தினது சும்மா தண்ணி எண்டுதான் நினைச்சன். பாதர் ஊத்துவார், நீர் பாப்பீர் எண்டு இருந்தன். சனிக்கிழமை அவர் ஆர் ஊத்தினாலும் செல்லும் எண்டாரே, அப்பதான் பயம் பிடிச்சுது. மிஸ்ஸையும் சொல்லவேண்டாம் எண்டு கேட்டன்."

அழவில்லை. எழும்பி வந்து அரிசி கழுவினேன். இரண்டு தரம் கழுவினதையே மறுபடி கழுவினேன்.

பெப்ரவரி 12, வியாழன்

அக்கா சட்டையோடு வந்தா. கழுத்தில் சின்னச் சின்னப் பூ. அழகு. அதைச் சொல்ல மனம் வரவில்லை.

"எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"எப்பிடிச் சொல்லுறது? நீ கண் முழிச்ச நேரம் தொட்டு அந்த ஒண்டையே கேட்டுக்கொண்டு இருந்தாய்."

"எல்லாருமாச் சேர்ந்து ஏமாத்தினீங்கள்."

"பிள்ளை செத்திருந்தா? அப்ப என்ன கேட்டிருப்பாய்? ஏன் ஊத்தேல்லை எண்டு கேட்டிருப்பாய்."

அது சரி. இருந்தும் கோபம். என் பிள்ளையிடம் எல்லாரும் எனக்கு முன்னே போய்விட்டார்கள். இவர், நஸ்ரின், போனில் அக்கா. கடவுளும்.

பின்னேரம் இவரோடு பாதரிடம். எல்லாம் சொன்னோம். பாதர் கவனமாகக் கேட்டார். "நீங்கள் சொன்ன வார்த்தை என்ன? சரியாச் சொல்லுங்கோ."

இவர் தரையைப் பார்த்தார். "வடிவா ஞாபகம் இல்லை பாதர். பதட்டம். அரைவாசிதான் சொன்னன் போல கிடக்கு."

நான் திரும்பிப் பார்த்தேன். என்னைப் பார்க்கவில்லை.

"அப்ப சந்தேகம் இருக்கு" என்றார் பாதர். "ஏற்கெனவே பெறாமல் இருந்தால் எண்டு சொல்லி நான் திரும்ப ஊத்தலாம். உங்களுக்கு ஏதும் தெரியுமோ, ஜெனி?"

"இல்லை பாதர்."

என் வாயால்தான் சொன்னேன். ஞாயிறு தண்ணீர் உண்டு.

பெப்ரவரி 13, வெள்ளி

திரும்பவும் மழை. துணி காயவில்லை, வீடு முழுக்கப் புழுங்கல் மணம். கேக்குக்காரி போன் எடுத்தா: பெயரை எந்த நிற ஐசிங்கில் எழுதுவது?

சந்தோசப்பட வேண்டும். முடியவில்லை.

"ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"உமக்காகத்தான். இன்னொருக்கால் ஊத்தினாப் பிள்ளைக்கு என்ன நட்டம்?"

நட்டம் பிள்ளைக்கு இல்லை. கடல் தண்ணீரைக் கண்டாலே ஒதுங்குகிற மனிதர், பிள்ளை போகிற நேரம் தண்ணீரைக் கையில் எடுத்திருக்கிறார். அது ஒன்றுமில்லை என்று கோயிலில், எல்லாருக்கும் முன்னால், நானே சொல்லவைக்கப் போகிறேன். நான் பார்க்கவேண்டும் என்பதற்காக.

பிறகு வேறொரு நினைப்பு. எதுதான் பொய்? எனக்குச் சொன்னதா, பாதருக்குச் சொன்னதா? என்னைத் தேற்ற வார்த்தையைப் பிறகு பாடமாக்கியிருந்தால்? இவரை இந்தக் கிழமை முழுக்க நம்பவில்லை, இப்போது மட்டும் எப்படி.

நஸ்ரினுக்குப் போன் எடுத்தேன். விசயம் சொன்னேன். 

"எங்கட மார்க்கம் வேற, ஒங்கட வார்த்த எனக்குத் தெரியா. ஆனா அவர் முழுசாச் சொன்னாரு. ஸ்பீக்கர்ல ஒங்கட அக்கா சொல்லச் சொல்ல இவரு சொன்னாரு. மூணு தரம் ஊத்தினாரு. கடைசில அக்கா ஆமென் எண்டாங்க, நானும் ஆமீன் எண்டன்."

அப்போது பாதருக்குச் சொன்னதுதான் பொய். எங்கள் இருவருடையதும்.

பெப்ரவரி 14, சனி

தனியே போனேன். குடையோடு. பாதர் கோயிலில் பூ வைக்கிற பிள்ளைகளோடு ஏதோ கதைத்துக்கொண்டு நின்றார்.

"வார்த்தை சரியாத்தான் சொன்னவர் பாதர். எனக்குத் தெரியும். அண்டைக்குத் தெரியாது எண்டது பொய்."

பாதர் முன்வரிசை வாங்கில் இருந்தார். என்னையும் இருக்கச் சொன்னார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அப்ப நாளைக்குத் தண்ணி இல்லை."

"ஓம்."

"மற்றதெல்லாம் செய்வம். தைலம், வெள்ளை உடுப்பு, திரி. தண்ணி மட்டும் ஏலாது. குடுத்தது குடுத்ததுதான்." பிறகு, "கவலையோ?"

"ஓம் பாதர்."

"கவலைப்படலாம். அது பாவம் இல்லை."

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். கோபிப்பார் என்று பார்த்தேன். கை நிறைய எண்ணெயோடு நின்றார்.

"அப்ப நான் ஊத்தினது?"

"செல்லும்."

"உண்மையாவோ?"

"பாதரைக் கேளுங்கோ."

பைப்படிக்குப் போய் முகம் கழுவினார். சவர்க்காரம் போடாமல், திரும்பத் திரும்ப, வெறும் தண்ணீரால். நான் உள்ளே வந்துவிட்டேன்.

கேக்கில் பெயர் நீலம் என்று சொல்லியாயிற்று.

பெப்ரவரி 15, ஞாயிறு

வெயில். சல்லி ஆட்கள் வந்தார்கள், உள்ளேயே வந்து பின் வாங்கில் இருந்தார்கள். இவருடைய சித்தி செருப்பை எங்கே கழற்றுவது என்று கேட்டுக்கொண்டே இருந்தா.

மற்ற மூன்று பிள்ளைகளுக்கும் தண்ணீர் ஊற்றினார் பாதர். மூன்றும் வீரிட்டன. ஒவ்வொரு தாயின் முகத்தையும் பார்த்தேன். பார்க்காமல் இருக்க ஏலவில்லை.

எங்கள் முறை. பாதர் எல்லாருக்கும் சொன்னார், இந்தப் பிள்ளைக்கு அவசரத்தில் தகப்பனே கொடுத்துவிட்டார் என்று. பின்னால் குசுகுசு.

"தகப்பன் சைவமெல்லோ?"

"செல்லுமாம்."

"ஆர் சொன்னது?"

"பாதர்தான் இப்ப சொல்லுறாரே."

பிள்ளையை நான் வைத்திருப்பதாக இருந்தது. இவர் கையில் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றார், பிறகு வாங்கினார். உச்சியில் தைலம். வெள்ளைச் சட்டை கொஞ்சம் பெரிது. அக்கா திரியைப் பிடித்தா, மெழுகு விரலில் வழிந்தது. அமலி அழவே இல்லை.

சாப்பாடு முடிந்து எல்லாரும் போன பிறகு, குசினியில் இவரிடம் கேட்டேன். "தண்ணி பட்ட நேரம் பிள்ளை என்ன செய்தவ?"

யோசித்தார். நல்லதாக ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். கண் திறந்தவ, சிரித்தவ என்று. சொன்னால் நம்புவதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்டும் செய்யேல்லை" என்றார். "அசையவே இல்லை. செத்துப்போச்சு எண்டுதான் நினைச்சன். காதுக்குள்ள தண்ணி போயிடும் எண்டு இடுப்பில கட்டியிருந்த சாரத்தால துடைச்சன்."

நம்பினேன்.

பிள்ளை எழும்பிவிட்டாள். பால்.