மேல் பொத்தான்

மார்ச் 3

என் வாலுப் பேத்திக்கு,

தாத்தாவை வைத்து நீ எடுத்த படத்தைப் போட்ட அன்று உன் கல்லூரி அரங்கில் இருந்தவர்கள்: உன் அம்மா, உன் மாமா, உன் வாத்தியாரம்மா, தாத்தா கூட்டிவந்த இரும்புப் பட்டறைக் கூட்டாளிகள் இருவர், முன்வரிசையில் தாத்தா, பக்கத்தில் நான். ஒருவரையும் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

“பட்டறைக் கதையெல்லாம் விலாவாரியா சொல்லியிருக்கேன், பாருங்கடா” என்று கூட்டாளிகளிடம் தாத்தா பெருமையடித்தார். நீ படம் எடுக்க வந்த அன்று காலை முழுக்க கேமராவிடம் பேசினவர் அல்லவா? திரையில் அவர் குரலே வரவில்லை. பேச உட்காருவதற்கு முன்னால், வாதத்தில் விழுந்த கையை வைத்துக்கொண்டு சட்டைப் பொத்தான் போடத் திணறினாரே, அந்தப் பன்னிரண்டு நிமிஷம் மட்டும்தான். திறந்த மார்பு, சரிந்த வயிறு, நழுவி நழுவிப் போகும் மேல் பொத்தான். “பழகிப் பாருங்க பாட்டி” என்று என் கையில் நீ கேமராவைத் தந்தபோது நான் எடுத்தது.

கூட்டாளி ஒருத்தன் சிரித்தான். வாத்தியாரம்மா கைதட்டினாள். அன்றிலிருந்து தாத்தா அறைக்கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டுதான் உடுத்துகிறார். பொத்தானில் என் கை படக்கூடாதாம். நீ வந்து பேசு.

பாட்டி

மார்ச் 19

அன்புள்ள பாட்டிக்கு,

பெண்ணை ஆண் பார்த்த படங்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன். இரும்படித்த ஓர் ஆணை, அவன் பலம் போன பிறகு, ஒரு பெண் இவ்வளவு ஆசையாகப் பார்த்து நான் கண்டதில்லை. பேச்சை வைத்தால் உங்கள் பார்வை மறைந்துவிடும் என்றுதான் வெட்டினேன். தாத்தாவிடம் கேட்காதது என் தப்பு. பரீட்சை முடிந்ததும் ஓடி வருகிறேன். அதுவரை திட்டாதீர்கள்.

உங்கள் வாலு

ஏப்ரல் 11

வாலு,

தாத்தாவைச் சுடுகாட்டுக்கு எடுத்த அன்று வந்தாய். என் முகத்தைப் பார்க்காமலே ரயிலேறிவிட்டாய்.

அவர் விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். “தாழ்ப்பாளத் திறங்க!” என்று கத்தினேன். “நீ பாக்காத, போ” என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. உன் மாமா கதவை உடைத்தபோது மூன்று பொத்தான் போட்டிருந்தது. மேல் பொத்தான் மட்டும் பாக்கி.

அந்தப் படத்தை அழிக்காதே. உன்னை மன்னித்துவிட்டேன். சிரித்தவனுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை, காய்ச்சின இரும்பைப் பதம் பார்க்கிற மாதிரி ஏற இறங்கப் பார்ப்பார். பார்க்கட்டும் என்று நான் நின்றேன். ஒரே ஒரு தரம், உன் கேமரா வழியாக, நான் அவரைக் கண் நிறையப் பார்த்தேன். அதைக் கேவலம் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் இன்னும் வெளியேதான் நிற்கிறேன்.

மன்னிக்கவே மாட்டேன், உன் தாத்தாவை.

பாட்டி