ஆட்டின் ராணி அம்மா வீட்டுக்குப் போனது

இன்று மத்தியானம் என் சித்தப்பா மகள் கல்யாணத்தில் பந்தி முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் பந்தலில் ஜமக்காளத்தை விரித்து ஒரு புதுச் சீட்டுக்கட்டைப் பிரித்தார்கள். நான் பின்கட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். என் போன்றவர்களுக்குக் கல்யாண வீட்டில் அதுதானே இடம். புதுக்கட்டுக்கென்று ஒரு வாசனை உண்டு, பசையும் மெழுகும் கலந்தாற்போல. அடுப்புப் புகையையும் சாம்பார்க் கொதியையும் தாண்டி அந்த வாசனை எப்படி என்னிடம் வந்ததோ தெரியவில்லை. உண்மையில் வந்ததா, சீட்டுக் கலைக்கும் சத்தத்தைக் கேட்டு நானே நினைத்துக்கொண்டேனா, அதுவும் தெரியவில்லை. அருவாமனையை மடக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இதை எழுதுகிறேன்.

உங்களுக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. ஒன்பது வருஷ இல்வாழ்க்கையில் எழுதும்படி நாம் பிரிந்திருக்கவில்லை. ஒரே ஒரு தடவை பிரிந்தோம். அப்போது நான் எழுதியிருக்க வேண்டும்.

சூரமங்கலத்தில் நாம் இருந்த வீடு ரயிலடிக்குப் பக்கம். நீங்கள் பார்சல் ஆபீஸில் குமாஸ்தா. நெசவாளி வீட்டுப் பிள்ளை தறியை விட்டுக் கால்சட்டை போட்டுக்கொண்டு போகிறான் என்று நம் இரண்டு வீட்டிலும் பேசிக்கொள்வார்கள். கூட வேலை பார்த்த ஒரு ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு, வண்டி தாமதமாகும் நாட்களில் உங்களுக்குச் சீட்டு வித்தை சொல்லிக்கொடுத்தார். ஒரு வருஷத்தில் நீங்கள் அவரையே மிஞ்சிவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ்காரர்கள் நம் வீட்டுக்கு வந்து வாயைப் பிளந்து உட்கார்ந்திருப்பார்கள். நம் கமலா உங்கள் சட்டைக் கைக்குள் கையை விட்டுத் தேடுவாள். நான் காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். எனக்கு அப்போது அதிலெல்லாம் பெரிய ஈடுபாடு இல்லை. இப்போது நினைத்தால், ஒரு தடவையாவது நின்று பார்த்திருக்கலாம்.

உங்களுக்கு இருமல் வந்தது. ரத்தம் வந்தது. சேலத்துப் பெரிய டாக்டர் பால், முட்டை, நல்ல காற்று என்று மூன்று சொன்னார். மருந்து எதுவும் சொல்லவில்லை. மருந்து இல்லாத நோய்க்குத்தான் இப்படி உணவும் காற்றும் சொல்வார்கள் என்று வெளியே வந்ததும் நீங்களே சொன்னீர்கள். உங்கள் அண்ணன் வந்து நம்மை நாமக்கல்லுக்குக் கூட்டிப்போனார். தன் மளிகைக் கடைக்குப் பின்னால் கடலை மூட்டை போட்டிருந்த தகரக் கொட்டகையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, சுவரை இடித்து ஜன்னல் வைத்துக் கொடுத்தார். ஜன்னலில் மலைக்கோட்டை தெரிந்தது. கமலா மட்டும் அந்த ஜன்னலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். அவளுக்கு அப்போது ஏழு வயது.

அங்கே போன முதல் வாரம் நீங்கள் கட்டை எடுத்துப் பிரித்தீர்கள். விரல் நடுங்கி ஐம்பத்திரண்டும் தரையில் சிதறின. நான் குனிந்து பொறுக்கிக் கொடுத்தேன். மறுபடியும் சிதறின. மூன்றாம் தடவை நீங்கள் கையை நீட்டவில்லை. கட்டு என் மடியிலேயே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்:

"ஊரை ஏமாத்தறவனுக்கு ஒரு கஷ்டம் இருக்குது. அவனை ஆரும் ஏமாத்த முடியாது. எல்லாம் தெரிஞ்சு போயிருது. சாகறதுக்குள்ள ஒருக்கா நானும் வாயைப் பொளந்து பாக்கோணும்னு இருக்குது."

அன்றைக்குத்தான் நான் கற்றுக்கொள்வது என்று ஆயிற்று.

நீங்கள் தேர்ந்தெடுத்தது சுலபமானது இல்லை. கட்டின் மேலிருக்கும் இரண்டு சீட்டையும் ஒரே சீட்டுப் போல ஒட்டியெடுத்துப் புரட்ட வேண்டும். பார்ப்பவருக்கு அது ஒற்றைச் சீட்டாகத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். ஆனால் என் விரல் சின்ன வயதிலிருந்து நூல் சுற்றிக் காய்த்த விரல். அடியில் இருப்பது ஒன்றா இரண்டா என்று கட்டைவிரலுக்குத் தெரியாது. நான் புரட்டுவேன், ஓரம் மயிரிழை விலகும், நீங்கள் கட்டிலிலிருந்து "ரெண்டு" என்பீர்கள். மறுபடி புரட்டுவேன். "ரெண்டு." ஒரு நாளைக்கு நூறு தடவை பழகச் சொன்னீர்கள். கஞ்சி கொதிக்கும் நேரத்தில், உங்கள் எச்சில் பாத்திரத்தைச் சாம்பல் போட்டுக் கழுவிவிட்டு வந்த கையோடு, நூறு தடவை. ஒன்றரை மாதம் ஆகியும் நூறும் "ரெண்டு"தான்.

ஒரு நாள் எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. "தறியில பாவு இல்லாம நாடா எறிஞ்சு ஆரும் பழகறதில்லீங்க" என்று சொல்லிவிட்டேன். எங்கள் அப்பா அப்படித்தான் எனக்கு நெசவு பழக்கினார். வெறுந்தறியில் கை வீச விடமாட்டார். நீள நூலான பாவை ஏற்றி, குறுக்கே நாடாவை ஓட்டி, துணி என்று ஒன்று விழ ஆரம்பித்தால்தான் கைக்குத் தன் வேலை என்னவென்று புரியும் என்பார். முதல் துணி கோணலாகத்தான் வரும்; ஆனாலும் அது துணி. அந்த கார்டும் எனக்கு அப்படித்தான் சொன்னார், நான்தான் மறந்துபோனேன் என்றீர்கள். கையைத் தனியாகப் பழக்காதே, ஒரு வித்தைக்குள் வைத்துப் பழக்கு. வாயில் கதை ஓட வேண்டும், மனசு கதையில் இருக்க வேண்டும், கை பின்னாலேயே வரும் என்றீர்கள்.

அப்படித்தான் ஆட்டின் ராணி, சிவப்பு இதயம் போட்ட சீட்டு, வந்தாள். மேலே ஏதோ ஒரு சீட்டு, அதற்கு அடியில் ராணி. இரண்டையும் ஒன்றாகப் புரட்டி ராணியைக் காட்டுவது. கவிழ்த்து, மேல் சீட்டை மட்டும் எடுத்துக் கட்டின் நடுவே செருகுவது. பார்ப்பவர் உள்ளே போனது ராணி என்று நினைப்பார். கட்டின் மேல் ஒரு தட்டு. மேல் சீட்டைப் புரட்டினால் ராணி அங்கேயே இருப்பாள்.

கதைக்கு என்ன செய்வது என்று தெரியாமல் முதலில் சந்தைக்குப் போன ராணி, கோயிலுக்குப் போன ராணி என்று ஏதேதோ சொன்னேன். உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் இருமல் வரும். இருமல் அடங்கியதும் "ரெண்டு" என்பீர்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நூறில் பத்துத் தடவை ஓரம் விலகாமல் வர ஆரம்பித்தது. அந்தப் பத்தும் கதை நன்றாக ஓடிய தடவைகள். அப்போதும் வேறு எங்கேயாவது பிடித்துவிடுவீர்கள். தோள் இறுகுகிறது, மூச்சை அடக்குகிறாய் என்று. நான் நன்றாகச் செய்யச் செய்ய நீங்கள் மெலிந்துகொண்டே வந்தீர்கள். மார்கழியில் உங்களால் எழுந்து உட்கார முடிந்தது. மாசியில் தலையணையை முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

பங்குனியில் ஒரு நாள் உங்கள் அண்ணன் கொட்டகை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "அம்மிணி, கொழந்தையைக் கூட்டிட்டு உங்கம்மா ஊட்டுக்குப் போயிரு. இவனை நாங்க பாத்துக்கறோம். ஊட்டுல நோவு ஒருத்தருக்கு வந்தது போதும்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. நான் உங்களைப் பார்த்தேன். அண்ணன் சொல்கிறதுதான் சரி, நீ போ என்றீர்கள். சொல்லிவிட்டு மலைக்கோட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

எனக்கு வாதாடத் தெரியாது. அவர் போனதும் கட்டை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தேன். இரண்டையும் புரட்டி ராணியைக் காட்டினேன். "இவளை அம்மா ஊட்டுக்குப் போகச் சொல்றாங்க" என்றேன். கவிழ்த்தேன். மேல் சீட்டை எடுத்து நடுவில் செருகினேன். "போறா. புதுச்சத்திரம் தாண்டிட்டா. ராசிபுரம் போய்ச் சேர்ந்துட்டா. அவங்கம்மா வாசல்ல நின்னு அழுகறாங்க. இவ தின்னா உள்ள எறங்கலை, படுத்தாத் தூக்கம் வல்லை." அப்போது நான் கையை நினைக்கவே இல்லை. சத்தியமாக நினைக்கவில்லை. கட்டைத் தட்டி மேல் சீட்டைப் புரட்டினேன். "வந்துட்டா பாருங்க" என்றேன்.

உங்கள் கண்ணில் நீர் நின்றது. பிறகு மெதுவாக, "ஒண்ணுதான்" என்றீர்கள்.

"நெசமாலுமா?"

"நெசமா. ஒண்ணுதான் தெரிஞ்சுது."

சாயங்காலம் அண்ணனைக் கூப்பிட்டு அவள் இங்கேயே இருக்கட்டும் என்று சொன்னீர்கள். அன்றைக்கு நான் அடுப்படியில் தனியாகச் சிரித்தது உங்களுக்குத் தெரியாது.

எட்டு நாள் கழித்துக் கமலாவுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாளில் இருமலும் சேர்ந்தது. வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோரும் ஒன்றையே நினைத்தோம். நான் அம்மா வீட்டுக்குப் போகத் துணியைச் சுருட்டிக் கட்டினேன். சீட்டுக்கட்டை உங்கள் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போகச் சொன்னீர்கள். வைத்தேன். வாசலில் நின்று, "நாலு நாளுங்க. போயிட்டு வாரேன்" என்றேன். தலையை ஆட்டினீர்கள். கமலா வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். ஆகவே நான் அதற்கு மேல் நிற்கவில்லை.

கமலாவுக்கு வந்தது வெறும் மலைக்காய்ச்சல். உலகச் சண்டைக் காலம், கொயினா மாத்திரை எளிதில் கிடைக்கவில்லை. நாலு நாள் என்று போனது பன்னிரண்டு நாள் ஆயிற்று. தினமும் ஒரு கடுதாசி எழுத நினைப்பேன். நாளைக்கு நேரிலேயே போய்விடலாமே, எதற்கு என்று விட்டுவிடுவேன். பதின்மூன்றாம் நாள் காலை உங்கள் அண்ணன் கடை ஆள் வந்து, உடனே வரச் சொன்னார்கள் என்றான். கமலாவை அம்மாவிடம் விட்டுவிட்டு அவனோடேயே கிளம்பினேன்.

பெட்ரோல் கிடைக்காமல் எல்லாம் கரி பஸ் ஓடிய சமயம். புதுச்சத்திரத்தில் வண்டி நின்றுவிட்டது. டிரைவர் பின்னால் போய்க் கரி அடுப்பைக் கிளறிக்கொண்டே இருந்தார். நான் இறங்கி நடக்கிறேன் என்றேன். கடை ஆள், இதோ கிளம்பிவிடும் என்று தடுத்தான். கிளம்பியது, நாலு மைல் போய் மறுபடி நின்றது. மலைக்கோட்டை கண்ணுக்குத் தெரிந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. அந்த நோயில் போனவர்களை நெடுநேரம் வைத்திருக்கக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மத்தியானமே எடுத்துவிட்டார்கள். கொட்டகையைக் கழுவி விட்டிருந்தார்கள். பாய், தலையணை, துணி, சீட்டுக்கட்டு எல்லாவற்றையும் கொல்லையில் போட்டு எரித்திருந்தார்கள். சாம்பலை யாரோ கூட்டி ஓரத்தில் தள்ளியிருந்தார்கள்.

காரியம் முடிந்த பிறகு உங்கள் அண்ணன் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"உன்னைப் பத்தியேதான் பேசிட்டிருந்தான், அம்மிணி. அன்னைக்கு நீ என்னமோ சீட்டு காட்டினயாமே. ரெண்டும் நல்லாப் பிரிஞ்சு தெரிஞ்சுதுங்கண்ணா, சொன்னா அவ பழகறதை நிறுத்திப்போடுவான்னு சொல்லலைன்னான். இன்னும் ஒரு மாசம் பழகினா அவளுக்கு வந்துரும்னான்."

நான் தலையை ஆட்டினேன்.

நீங்கள் வாயைப் பிளக்காமலேயே போய்விட்டீர்கள். ஏமாந்தவள் நான். திரும்பி வந்துவிடுவேன் என்று உங்களுக்குச் சீட்டில் காட்டினேன். நீங்கள் அதையும் நம்பினீர்களா, நம்பியது போல் இருந்தீர்களா என்று எனக்குத் தெரியாது. அந்த ஒரு மாதம் யாரிடம் இருந்தது? உங்களிடம் இல்லை. பிறகு எனக்கு வருஷக்கணக்காக மாதங்கள் கிடைத்தன. எதற்கு? அதற்குப் பிறகு நான் சீட்டைத் தொடவில்லை. தொட்டாலும் வராது. நான் பழகியது அந்தக் கதைக்குள்தான், அந்தக் கட்டிலுக்கு எதிரேதான்.

கமலா நன்றாக இருக்கிறாள். எட்டாவது படிக்கிறாள். உங்கள் விரல் அவளுக்கு. நான் அம்மா வீட்டில் நூல் சுற்றுகிறேன். நாமக்கல்லுக்கு வருஷம் ஒரு தடவை, உங்கள் திதிக்குப் போகிறேன். உங்கள் அண்ணன் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் வந்து ஏற்றிவிடுவார்.

யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் "போயிட்டு வாரேன்" என்று எனக்குச் சொல்ல வருவதில்லை. நாக்கு அந்த இரண்டாவது சொல்லுக்குப் போக மாட்டேன் என்கிறது. பேசாமல் படியிறங்கி நடந்துவிடுகிறேன். இன்று கல்யாண வீட்டிலிருந்தும் அப்படித்தான் வந்தேன். சித்தி பின்னாலேயே வாசல் வரைக்கும் வந்து, "சொல்லிட்டுப் போகக்கூடாதா, என்ன திமிரோ இவளுக்கு" என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.